கப்பல்துறையில் தண்ணீர் வார்த்த கதை

1

இந்தக் கிழமை கடைக்கு ஸ்பெயின் ஃப்ரேஸ் வந்துவிட்டது. ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், ஃப்ரேஸ் என்றால் ஸ்ட்ரோபெரி. பாரிசில், லாச்சப்பலில் நான் வேலை செய்யும் மரக்கறிக் கடை வாசலில், முருங்கைக்காய்க்குப் பக்கத்தில், பெட்டி பெட்டியாக அடுக்கிவைத்தேன். அடுக்கும்போதே பெட்டியைத் திருப்பி, ஓரத்தில் எந்த ஊர் என்று பார்த்தேன். வெல்வா. மனம் ஒருமாதிரி ஆகிவிட்டது. போன வருடம் இதே பழக்காலத்தில்தான் நாங்கள் அங்கே போனோம்.

இந்தப் பழத்தால் எங்கள் வீட்டில் நடந்த சண்டையைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. என் மனைவி வதனியின் தம்பி தயா வெல்வாவில் ஒரு ஃப்ரேஸ் தோட்டத்தில் வேலை செய்கிறான். அதனால் வதனி வேறு ஊர்ப் பழம் வாங்கமாட்டாள். "தம்பி பிடுங்கினதா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழுவுவாள். எங்கள் மகள் அபிஷாவோ அந்தப் பழத்தைக் கையாலும் தொடமாட்டாள். அந்தப் பக்கத்தில் பழத் தோட்டங்களுக்காக நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சியெடுத்துச் சதுப்புநிலம் காய்கிறதாம், பறவைகள் போக்கிடம் இல்லாமல் அலைகின்றனவாம். பள்ளிக்கூடத்தில் படித்தது. பிரெஞ்சில் தொடங்கினாள் என்றால் பெட்டி காலியாகும்வரை நிறுத்தமாட்டாள். நான் பகல் முழுக்க பழம் விற்றுவிட்டு, வீட்டுக்கு வந்தும் பழத்தைப் பற்றியே கேட்க வேண்டும். என்ன கண்றாவி இது என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு சாப்பிடுவேன்.

2

வதனிக்கு மிஞ்சியிருக்கும் கூடப்பிறந்தவன் தயா ஒருவன்தான். மற்றவர்களை வன்னியில் போர் கொண்டுபோய்விட்டது. அதைப் பற்றி அவள் கதைப்பதில்லை, நானும் கேட்பதில்லை. எங்களிடம் வந்து சேரலாம் என்று வெளிக்கிட்ட தயா, மொரோக்கோவில் இருந்து படகில் ஸ்பெயின் கரைக்கு வந்தான். கரையில் வைத்தே கைரேகை எடுத்துவிட்டார்கள். கைரேகை பதிந்த நாட்டில்தான் அகதி வழக்கு நடக்க வேண்டுமாம். கையில் ஒரு சிவப்பு அட்டை கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம், நாட்டை விட்டு வெளியே கால்வைக்க முடியாது. நாங்கள் பாரிசுக்குப் பக்கத்தில் கார்ஜில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துக்கொண்டு அவனோடு சாப்பிடுவோம். அபிஷாவுக்கு மாமா என்றால் அந்தக் கண்ணாடிக்குள் சிரிக்கும் ஒரு தலை, அவ்வளவுதான்.

இந்த நிலையில் அபிஷா பெரியபிள்ளையானாள்.

எங்கள் ஆட்களில், பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் தாய்மாமன் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்து முதல் தண்ணீர் வார்க்க வேண்டும். அதன்பிறகுதான் சாமத்தியவீடு, மண்டபம், வீடியோ எல்லாம். மாமன் இல்லாவிட்டால் மாமன்முறைக்கு ஒருவரைப் பிடித்துக் காரியத்தை முடிப்பார்கள். பாரிசில் மாமன்முறைக்கு ஆளா இல்லை? எங்கள் கடை முதலாளி செல்வம் அண்ணை தானாகவே கேட்டுவிட்டார்.

"ஏன்ரா தம்பி இழுத்தடிக்கிறியள்? நான் வந்து வாக்கிறன். மண்டபமும் பேசித் தாறன். பிள்ளையைக் கப்பல்ல வைச்சு இறக்குவம்."

கப்பல் இப்போது இங்கே மோஸ்தர். ஒரு பிள்ளை பூச்சோடித்த கப்பலில் நின்றபடி புகைக்குள்ளால் மேடைக்கு வந்ததை நானே கண்டிருக்கிறேன். கப்பலைத் தள்ளிய இரண்டு பேரும் இருமிக்கொண்டிருந்தார்கள்.

வதனி ஒரே பிடி. "என்ரை தம்பி உயிரோடை இருக்கேக்க என்ரை பிள்ளைக்கு வேற ஆர் தண்ணி வாக்கிறது?"

அபிஷா அதைவிடப் பெரிய பிடி. "ஒருத்தரும் வாக்க வேண்டாம். செ மொன் கோர், பப்பா." என்னுடைய உடம்பு பப்பா, என்கிறாள். "என்ரை விசயம் ஏன் கார்ஜ் முழுக்கத் தெரிய வேணும்?"

  மாதங்கள் போயின. தாயும் மகளும் முகம் கொடுத்துக் கதைப்பது குறைந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்கியவன் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்குள் இருந்து தயா சொன்னான். "அக்கா, நான் அங்கை வரேலாது. நீங்கள் ஒருக்கா வாங்கோவன். பிள்ளையைக் கண்ணால பாக்க வேணும் போல கிடக்கு."

வதனி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.  அபிஷா என்னிடம், "மாமாவைப் பாக்க வாறன். ஆனா தண்ணி இல்லை. ப்ரொமி?" என்று சத்தியம் கேட்டாள். கொடுத்தேன். சமையலறைக்குள் இருந்து வதனி "ஓம், ஓம்" என்றாள். ஒரு ஓம் போதுமான இடத்தில் இரண்டு ஓம் வந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

3

காரில் போனோம். பிரான்சைக் கடந்து, ஸ்பெயினை மேலிருந்து கீழே ஒரு முழு நாட்டையும் கடந்து போக வேண்டும். வதனி வழிக்குப் புட்டும் ரோல்சும் கட்டியிருந்தாள். அபிஷா காதில் பாட்டை மாட்டிக்கொண்டு யன்னலோடு சாய்ந்துவிட்டாள். என் முதுகு என்ன பாடுபட்டது என்று கேட்க ஒருவரும் இல்லை.

தயா ஒரு தோட்டக் குடியிருப்பில் ஆண்கள் பலரோடு ஒரே அறையில் இருக்கிறான். "அங்கை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ அத்தான். கப்பல் பாக்கிற இடம் ஒண்டு இருக்கு. அங்கை வாங்கோ" என்று சொல்லியிருந்தான். ஆறு கடலில் விழுகிற இடத்துக்குக் கிட்ட, பைன் மரங்களுக்கு நடுவே ஒரு சரித்திரப் பூங்கா. மேற்கே போனால் இந்தியா வரும் என்று கிளம்பி வேறெங்கோ போய் இறங்கினாரே, பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்த அந்த மாலுமி, அவர் பாயேற்றிய கரை அது. அவருடைய மூன்று கப்பல்களையும் அதே அளவில் செய்து துறையில் கட்டிவைத்திருக்கிறார்கள்.

வாசலில் தயா நின்றான். அயன்பண்ணிய வெள்ளைச் சட்டை. கழுத்துவரை வெயிலில் கறுத்திருந்தது. கையில் வெள்ளித்தாள் ஒட்டிய ஒரு தட்டையான பெட்டி. அதற்குள் ஃப்ரேஸ் பழங்களை வட்டம் வட்டமாக, காம்பெல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கியிருந்தான். எனக்கு ஒரு கணத்தில் விளங்கிவிட்டது. தாய்மாமன் மருமகளுக்குக் கொண்டுவருகிற தட்டம் அது. புடவையும் நகையும் வைக்க வேண்டிய தட்டத்தில் தான் பிடுங்கிய பழத்தை வைத்திருந்தான்.

வதனி தம்பியைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் நுழைவுச்சீட்டுக் கொடுக்கிற பெண் எழுந்து நின்றுவிட்டாள். பிறகு அபிஷா போய் மாமாவின் இரண்டு கன்னத்திலும் பிரெஞ்சுக்காரர் மாதிரிக் கொஞ்சினாள். அவன் இதை எதிர்பார்க்கவில்லை. பெட்டியை விழாமல் பிடிப்பதா கன்னத்தைக் கொடுப்பதா என்று தடுமாறினான்.

"உனக்குத்தான் பிள்ளை" என்று பெட்டியை நீட்டினான்.

 சதுப்புநிலமும் பறவைகளும் இப்போது வெளியே வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். "மெர்சி மாமா" என்று அபிஷா வாங்கி என்னிடம் தந்தாள். ஒன்றைக்கூட எடுக்கவில்லை. அவன் அதைக் கவனித்தான்.

4

கப்பல்களைக் கண்டதும் எனக்கு ஏமாற்றம். இவ்வளவுதானா? இதிலா சமுத்திரம் கடந்தார்கள்? மேல்தட்டில் நாலு பேர் சேர்ந்து நின்றாலே முழங்கை இடிக்கும் போலிருந்தது. மெழுகுப் பொம்மை மாலுமிகள் கயிறு இழுத்துக்கொண்டும் வெறும் தட்டில் படுத்துக்கொண்டும் இருந்தார்கள்.

"அவையளிட்ட விசா கேட்டது ஆர்?" என்று நான் ஒரு பகிடி விட்டேன்.

"எல்லாரும் விடுற பகிடி அது பப்பா" என்றாள் அபிஷா. பிரெஞ்சில்தான். 

தயா அங்கே எல்லாவற்றுக்கும் பழகியவனாக நடந்தான். ஞாயிறு வெறுமையாக இருந்தால் இங்கேதான் வந்து ஆற்றோரம் இருப்பானாம். "இந்தக் கப்பலுகளும் ஒரு இடமும் போகாது அத்தான், என்னைப் போலதான்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். வதனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கரையின் ஒரு பக்கத்தில் கடற்கரை மாதிரி மணல் போட்டு, ஓலைக் குடிசைகள் கட்டி, அந்தத் தீவுகளில் இருந்த சனங்களின் உருவங்களை வைத்திருக்கிறார்கள். கப்பலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அபிஷா அங்கே கனநேரம் நின்றாள். பிறகு தன் அரைகுறைத் தமிழில் மாமாவுக்கு விளங்கப்படுத்தினாள். வந்தவர்கள் அந்தச் சனத்தை அடிமையாக்கியது, நோயைக் கொண்டுவந்தது, ஊர் ஊராக இல்லாமல்போனது எல்லாம். சொற்கள் கிடைக்காதபோது கையால் காட்டினாள்.

தயா முழுவதையும் கேட்டான். "ஓம் பிள்ளை, பொல்லாத வேலைதான். ஆனா அவருக்கும் ராணி லேசில பேப்பர் குடுக்கேல்லையாம். வருசக்கணக்கா அலைஞ்சவராம். ஒரு ஸ்பெயின்காரக் கிழவர் சொன்னவர்."

"அவர் கெட்டவர், மாமா!"

"கெட்டவனும் பேப்பருக்கு அலைஞ்சிருக்கிறான் எண்டுதான் சொல்லுறன்."

அபிஷா சிரித்துவிட்டாள். அந்தப் பயணத்தில் முதல் சிரிப்பு. பாருங்கோ, காரியம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

5

துறைக்கு எதிரே ஒரு நீளமான மர வாங்கில் அமர்ந்து புட்டுச் சாப்பிட்டோம். கை துடைக்கத் துவாய் தேடி அபிஷா தாயின் பைக்குள் கையை விட்டாள். துவாய்க்குள் ஏதோ கனமாக இருந்தது. விரித்தாள். பித்தளைச் செம்பு. ஈரத்துணியில் சுற்றிய அறுகம்புல், எங்கள் பல்கனித் தொட்டியில் வளர்த்தது. கடைசியில் ஒரு தேங்காய், அதுவும் எங்கள் கடைத் தேங்காய்.

சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் அபிஷா என்னைத்தான் பார்த்தாள்.

"நீங்கள் ப்ரொமி பண்ணினீங்கள்" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். செம்பை வாங்கில் வைத்துவிட்டு எழுந்து கப்பல் பக்கம் போய்விட்டாள்.

"என்ன வதனி இது?" என்று நான் பாய்ந்தேன்.

"கேட்டுத்தான் பாப்பம் எண்டு கொண்டந்தனான். இனி எப்ப கொண்டருவன்? இவன் எப்ப வருவான்? எனக்கு ஆர் இருக்கினம்?"  எனக்குக் கொதி அப்படியே இறங்கிவிட்டது.

தயா கையைக் கழுவினான். "நீங்கள் இருங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை போன பக்கம் போனான். பின்னால் நானும் போனேன்.

அபிஷா நடுக்கப்பலின் அடித்தட்டில் இருந்தாள். தண்ணீர்ப் பீப்பாக்களை அடுக்கிவைத்திருக்கிற இடம். தலை குனிந்து, பீப்பாக்களுக்குப் பக்கத்தில் பலகையில் குந்தியிருந்தாள். தயா இறங்கிப்போய்க் கொஞ்சம் தள்ளி இருந்தான். நான் ஏணிப்படியில் நின்றுவிட்டேன்.

"பிள்ளை, உனக்கு விருப்பமில்லையெண்டால் வேண்டாம். அக்காவோடை நான் கதைக்கிறன். இனி ஒருத்தரும் உன்னைக் கேக்காமல் பாக்கிறது என்ரை பொறுப்பு."

அபிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு பீப்பாக்களைப் பார்த்தாள். "உங்கட படகில தண்ணி இருந்ததா மாமா?" என்று கேட்டாள்.

எனக்குத் திடுக்கென்றது. அந்தப் படகைப் பற்றி நாங்கள் ஒருநாளும் அவனிடம் கேட்டதில்லை. வதனியும் கேட்டதில்லை.

"கொஞ்சம் இருந்தது" என்றான். "எஞ்சின் நிண்டிட்டுது. ஆக்களோ கனபேர். அப்ப ஒரு சட்டம் போட்டம். ஒருத்தரும் தன்ரை கையால எடுத்துக் குடிக்கேலாது. பக்கத்தில இருக்கிறவன்தான் வாயில விடவேணும். தானே எடுத்தால் கை நிக்காது, கண்டியோ. மற்றவனுக்கு விடேக்க பாத்து விடுவம்."

"உங்களுக்கு ஆர் விட்டது?"

"கினி நாட்டுப் பொடியன் ஒருத்தன். பேர் தெரியாது. பிரெஞ்சுதான் கதைச்சவன். போத்தல் மூடியில விட்டுப்போட்டு ஒவ்வொருமுறையும் 'ப்வா, ப்வா' எண்டுவான். அது என்ன பிள்ளை, ப்வா?"

 அபிஷா உதட்டைக் கடித்தாள்.

"குடி" என்றாள். "குடி எண்டு சொல்றது."

"ஓ. நானும் அப்பிடித்தான் நினைச்சன்" என்றான் தயா. "கரைக்கு வந்தாப்போல அவனை வேற பக்கம் கொண்டுபோட்டாங்கள். பிறகு காணேல்லை."

நான் அந்தப் படியிலேயே இருந்துவிட்டேன். அவனைக் கண்ணாடிக்குள் சாய்த்துவைத்து எத்தனை ஞாயிறு சாப்பிட்டிருப்போம். தோட்டம் எப்படி, வழக்கு எப்படி, அட்டை எப்படி என்று கேட்டோமே தவிர, குடிக்கத் தண்ணீர் இருந்ததா என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டது அந்தப் பிள்ளை.

6

வெளியே வந்ததும் அபிஷா நேரே தாயிடம் போனாள். செம்பை எடுத்தாள். ஆற்றோரம் பைன் மரங்களுக்குக் கீழே குடிதண்ணீர்க் குழாய் ஒன்று இருந்தது. அதில் செம்பை நிரப்பினாள். நாங்கள் மூன்று பேரும் என்ன ஏது என்று தெரியாமல் பின்னால் போனோம்.

"கையை நீட்டுங்கோ மாமா."

தயா இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினான். அவள் தண்ணீரை மெல்ல விட்டாள். "ப்வா, மாமா" என்றாள். அவன் குனிந்து குடித்தான். குடித்துக்கொண்டே இருந்தான், அவள் விட்டுக்கொண்டே இருந்தாள். அவன் முகத்தில் வழிந்ததில் எது குழாய்த் தண்ணீர் என்று நான் ஆராயவில்லை. என்னுடைய முகமே சரியில்லை.

செம்பு வெறுமையானதும் மறுபடி நிரப்பி அவனிடம் கொடுத்தாள். கரைக் கல்லில் போய் இருந்தாள். காதில் மாட்டுகிறதைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டாள்.

"இப்ப நீங்கள்" என்றாள். "ஆனா வீடியோ இல்லை. ஃபோட்டோ இல்லை. பப்பா, செல்வம் அங்கிளுக்குச் சொல்லக்கூடாது."

பால் இல்லை. அறுகம்புல் வாடிக்கிடந்தது. தேங்காயை எங்கே உடைப்பது என்று வதனி சுற்றுமுற்றும் பார்த்தாள். சரித்திரச் சின்னம் எதிலாவது உடைத்துவிடுவாளோ என்று பயந்து நானே வாங்கிக் கரைப்பாறையில் உடைத்தேன். அந்தத் தேங்காய்த் தண்ணீரில் புல்லைத் தோய்த்துத் தயா அவள் தலையில் வைத்தான்.  பிறகு வார்த்தான். தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும், பிள்ளை "ஊலலா" என்று கத்தினாள். வதனி அழுதுகொண்டே சிரித்தாள். நான் துவாயோடு நின்றேன். அந்தப் பக்கமாக வந்த ஸ்பெயின்காரக் குடும்பம் ஒன்று, ஏதோ ஞானஸ்நானம் என்று நினைத்திருக்க வேண்டும், நின்று கைதட்டியது. தயா அவர்களுக்குத் தலையாட்டி நன்றி சொன்னான்.

பின்னேரம் அவன் தோட்டத்து வண்டி நிற்கிற முச்சந்தியில் இறங்கிக்கொண்டான். விடிய வேலை. அபிஷா ஈரத் தலையோடு காருக்குள் இருந்து கையைக் காட்டினாள். வளைவு திரும்பும்வரை பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு மடியில் இருந்த பெட்டியைத் திறந்து பழம் ஒன்றை எடுத்தாள். தின்றாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் தாயும் பின்சீற்றில் குசுகுசுவென்று கதைப்பது மட்டும் கேட்டது.

7

ஒரு வருடம் ஆகிறது. தயாவுக்கு இன்னும் அந்தச் சிவப்பு அட்டைதான். மண்டபம் எடுக்கவில்லை. "என்ன, சாமத்தியவீடு செய்யாமலே விட்டிட்டியள்" என்று செல்வமண்ணை இன்னும் குத்திக்கொண்டுதான் இருக்கிறார். நான் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறேன். இப்போது எழுதிவிட்டேனே என்று கேட்பீர்கள். அபிஷாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். "செல்வம் அங்கிளுக்குத் தமிழ் வாசிக்க நேரமிருக்காது, எழுதுங்கோ" என்றாள்.

முந்தாநாள் பள்ளி முடிந்து கடைப்பக்கம் வந்தாள். வாசலில் ஃப்ரேஸ் பெட்டிகளைக் கண்டாள். தண்ணீர்ப் பிரச்சினையை இன்னும் விடவில்லை. பள்ளியில் அதைப் பற்றிப் பேச்சே வைத்தாள். ஆகவே நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

பெட்டி ஒன்றைத் தூக்கி ஓரத்தைத் திருப்பினாள். வெல்வா. பழங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், காம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று.

"இது மாமா பிடுங்கினதா இருக்கும், பப்பா" என்றாள். தமிழில்தான். "வீட்டை கொண்டுபோவம்."